மூன்றாம் நாள் தெளிவு

ஒரு நாள் காலை, என் மகன் கவின் படுக்கையிலிருந்து எழுந்து வந்தபோது அவனுடைய இரண்டு கண்களும் பாதிதான் திறந்திருந்தன. இமைகள் உப்பியிருந்தன. அப்போது அவனுக்கு நான்கு வயது. கொசு கடித்திருக்கும் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மறுநாள் காலை மீண்டும் வந்தது.

எங்கள் வீடு ஆரணியில், நெசவாளர்கள் அதிகம் உள்ள ஒரு தெருவில் இருக்கிறது. கூடத்தில் தறி. என் கணவர் பட்டுச் சேலை நெய்கிறார். பட்டுத் தூசிதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்து, அவன் பாயைச் சமையலறைப் பக்கம் மாற்றினேன். பத்து நாட்கள் அப்படியே போயின. பத்தாம் நாள் குளிப்பாட்டும்போது, கால்சட்டையின் எலாஸ்டிக் அவன் இடுப்பில் ஆழமாகப் பதிந்து சிவந்திருப்பதைப் பார்த்தேன். அவனுடைய சிறுநீர் சோப்புத் தண்ணீரைப் போல நுரைத்தது.

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். கவின் பிறப்பதற்கு முன் இரண்டு வருடம் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் எடுத்தேன். அந்த நுரையை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாட்களுக்காக இன்றும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது அந்தத் தவறைப் பற்றி அல்ல. அது தெரியாமல் செய்தது. எழுத வந்தது தெரிந்தே செய்த ஒன்றைப் பற்றி.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறிவிடும் நோய்) என்றார்கள். குழந்தை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். பேசும்போது மேசையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்ப்பவர்.

"சல்லடையில ஓட்டை பெருசாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. கசடு மட்டும் போக வேண்டிய எடத்துல சத்தும் சேர்ந்து போகுது."

"சரியாயிடுமா டாக்டர்?"

"முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு வளர வளர சரியாயிடும். நடுவுல வரும், போகும். பயப்படாதீங்க. தெனமும் காலையில சோதிச்சுப் பாருங்க, நோட்டுல எழுதுங்க. நான் உங்க பையன எப்பவோ ஒரு தடவதான் பாப்பேன். மத்த நாள் எல்லாம் உங்க கண்ணுதான் எனக்குக் கண்ணு."

இந்த நோய் உள்ள பிள்ளையின் தாய்க்கு அந்தக் காலைச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் அவர்கள் கொடுத்த அமிலத்தைச் சில துளிகள் விட வேண்டும். புரதம் இல்லையென்றால் தண்ணீர் போலத் தெளிவாக நிற்கும். கொஞ்சம் இருந்தால் மங்கும். நிறைய இருந்தால் பால் போல வெளுக்கும். குழாய்க்குப் பின்னால் அச்செழுத்துள்ள தாளைப் பிடித்து, எழுத்து எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து இல்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நோட்டில் எழுத வேண்டும்.

நோய் கிளம்பினால் ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தையும் கசிவையும் அடக்கும் வலுவான மருந்து) முழு அளவில் தினமும் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாட்கள் குழாய் தெளிவாக இருந்தால் அளவு குறையும். நடுவில் ஒரு நாள் மங்கினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மூன்று நாள் என்ற அந்தக் கணக்கில்தான் எங்கள் வாழ்க்கை ஓடியது.

செல்வியை அந்த மருத்துவமனையின் நடைக்கூடத்தில்தான் சந்தித்தேன். எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. கவினைப் பார்த்துவிட்டுத் தன் மகளைக் காட்டினாள். தர்ஷினிக்கு ஐந்து வயது. மாத்திரையால் இரண்டு பிள்ளைகளின் கன்னங்களும் உப்பிப் போயிருந்தன.

"எம் பொண்ணு மூஞ்சியும் உன் புள்ள மூஞ்சியும் ஒண்ணா வெச்சா ஒரு செட்டு பூரிதான்க்கா. கிழங்கு மட்டும்தான் பாக்கி" என்றாள்.

அந்த மாதத்தில் நான் முதல் தடவையாகச் சிரித்தேன்.

அவள் ஊர் தேவிகாபுரம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அவள் ஊரிலேயே களை எடுக்கவும் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கவும் போவாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இரண்டு பேருக்கும் செவ்வாய்க்கிழமைதான் மருத்துவரைப் பார்க்கும் நாள் என்பதால், ஆரணி வரை ஒரே பேருந்தில் திரும்புவோம். குழாயைத் தான் சரியாகத்தான் பார்க்கிறோமா என்று நம்பிக்கையே வரவில்லை என ஒரு நாள் சொன்னாள். நான்தான் வழி சொன்னேன். நாள்காட்டித் தாளின் பெரிய தேதிக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று முதல் தினமும் காலை ஆறரைக்கு ஒரு படம் வரும். அவளுடைய விரல், குழாய், அதற்குப் பின்னால் அன்றைய தேதி. நான் பார்த்துச் சொல்வேன். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் படித்தவள், எனக்குத் தெரியும் என்ற பெருமை. இப்போது எழுதும்போது கூசுகிறது.

கவினுக்கு முதல் தடவை மூன்று நாட்கள் தெளிந்தபோது செல்வியிடம் போனில் சொன்னேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டாள்.

"எங்க தெருவு பசங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன்க்கா. யாருக்குன்னு கேட்டாங்க. ஆரணில எனக்கு ஒரு புள்ள இருக்கான், அவனுக்கு நல்லாயிடுச்சுன்னு சொன்னேன்."

எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே, கண் பட்டுவிடுமே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்தவர் பிள்ளைக்காக ஒருத்தி மிட்டாய் வாங்குவாள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஒரு சளிக் காய்ச்சலுக்குப் பிறகு கவினுக்கு நோய் திரும்பியது. பத்து நாள் கழித்துத் தர்ஷினிக்கும் திரும்பியது. இரண்டு பிள்ளைகளுக்கும் மறுபடி முழு மாத்திரை.

தர்ஷினி சீக்கிரம் தேறிக்கொண்டு வந்தாள். கவின் தேறவில்லை. இரண்டு வாரம் கடந்தும் அவன் குழாய் பாலாகவே இருந்தது. நான்கு வாரத்துக்குள் தெளியாவிட்டால் பயாப்ஸி (சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் துணுக்கெடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். நான் நாள்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊசி தெரிந்தது.

அதே செவ்வாய்க்கிழமை செல்வி மருத்துவரிடம் ஒன்று கேட்டாள். வரும் ஞாயிறு காலை அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம். ஊரிலேயே மண்டபம். மகளை அழைத்துப் போகலாமா?

"முழு மாத்திரை ஓடும்போது கூட்டத்துல தொத்து வந்துடும். புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் தெளிவா வந்தா டோஸைக் குறைக்கலாம். மூக்கை மூடி மாஸ்க் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா வேண்டாம்."

பேருந்தில் வரும் வழியெல்லாம் செல்வி கல்யாணத்தைப் பற்றியே பேசினாள். தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் போடுவது அவருடைய அக்காளோ தங்கையோ. அதற்கு நாத்தனார் முடிச்சு என்று பெயர்.

"எங்க வூட்ல அவனும் நானும்தான். அம்மா செத்தப்போ அவன் இத்தினிக்கூண்டு. இடுப்புல தூக்கிகினு திரிஞ்சேன். அவன் பொண்டாட்டிக்கு நான் முடிச்சு போடணும்க்கா. அப்பறம் சாவு வந்தாலும் ஓகே."

"வாய மூடு செல்வி, கல்யாணப் பேச்சுல" என்றேன். அவள் சிரித்தாள்.

புதன்கிழமை அவள் படம் தெளிவு. வியாழன் தெளிவு.

வெள்ளிக்கிழமை காலை கவினின் குழாயை ஜன்னலில் பிடித்தேன். பதினேழாம் நாள். பால். எழுத்தும் இல்லை, தாளும் இல்லை, வெறும் வெள்ளை. அதைக் கையில் பிடித்திருந்தபோதே செல்வியின் படம் வந்தது.

அவள் குழாய் வழியாக அன்றைய தேதி வளைவு சுழிவோடு அப்படியே தெரிந்தது. குழாய் காலியோ என்று நினைக்கும் அளவுக்குத் தெளிவு. மூன்றாம் நாள்.

எனக்குள் என்ன நடந்தது என்பதை நல்ல சொற்களில் எழுதப் பார்த்தேன். இரண்டு முறை அடித்துவிட்டேன். நல்ல சொற்கள் கிடையாது. வயிறு எரிந்தது. அவளுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. எழுதப் படிக்கத் திணறுகிறவள், கை கழுவாமல் கூட மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அவளுக்கு வந்துவிட்டது. நான் எல்லாம் சரியாகச் செய்கிறேன். எனக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயம் ஏற்றிய நூல் வந்தால், கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று என் கணவர் மாதிரி நூலோடு வைத்துப் பார்ப்பார். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். "நாளைக்குக் காலை வெளிச்சத்துல பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். அவசரத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லும் நேர்மையான வார்த்தை அது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது.

அந்த வார்த்தையைத்தான் எடுத்தேன்.

"லேசா மங்கலாத் தெரியுது செல்வி. நாளைக்குக் காலை வெளிச்சத்துல இன்னொரு தடவ பாத்துடலாம். இன்னிக்கு ஒண்ணுன்னு எழுதிக்கோ" என்று குரல்பதிவு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "நல்லாப் பாத்தியாக்கா? எனக்குத் தெளிவா இருக்கற மாரிதான் தெரியுது."

"லேசா மங்கல் இருக்கு."

"சரிக்கா. எனக்குக் கல்யாண ஆசை இருக்குதுல்ல. ஆசை இருக்கற கண்ணுக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியும். நீ சொன்னா சரிதான்."

அவள் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

தறியிலிருந்து என் கணவர் கேட்டார். "யாரு, செல்வியா? பொண்ணுக்கு எப்டிக்கீதாம்?"

"இன்னும் தெளியலையாம்" என்றேன்.

சனிக்கிழமை வந்த படமும் தெளிவு. தெளிவு என்றே சொன்னேன். ஆனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனை இரண்டு தடவை கையில் எடுத்தேன். என்ன சொல்வது? நேற்று தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்தான், ஆனால் அவள் கல்யாணத்துக்குப் போயிருப்பாள். அதையும் செய்யவில்லை. கவினுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கஞ்சி ஆறி ஆடை கட்டிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் செல்வியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மண்டபத்தில் யாரோ எடுத்து அவளுக்கு அனுப்பியது. தாலி கட்டுகிறார்கள். மணப்பெண்ணின் பின்னால் ஓர் இளம்பெண் குனிந்து முடிச்சுப் போடுகிறாள். அது செல்வி இல்லை. வீடியோவுக்குக் கீழே அவளுடைய குரல்.

"எந்தம்பிய பாருக்கா! ராசா மாரி இல்ல? சின்னம்மா பொண்ணுதான் முடிச்சு போட்டா. நல்லாத்தான் போட்டா, அவுராது. எங்க வூட்டுக்காரரு பெங்களூர்லேர்ந்து வந்தாரு, மாப்ள பக்கத்துல நிக்கணும்ல, அவரு போய்ட்டாரு. நான் ஜல்தியா ஓடிப் போய்ப் போட்டுட்டு வந்துடலாம்னுதான் பாத்தேன். பாப்பா காலக் கட்டிகினு வுடல. மேளச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நாங்க ரெண்டு பேரும் வூட்லயே ஆடிகினு கீறோம்."

குரலுக்குப் பின்னால் தர்ஷினி சிரிப்பது கேட்டது. அவளிடமிருந்து நான் பறித்ததைப் பற்றி அவள் எனக்கே சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அந்த வீடியோவுக்கு நான் ஒரு பூவின் படத்தைப் பதிலாக அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய், மருத்துவரின் அறையில் நாங்கள் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் செல்வியின் நோட்டைப் புரட்டினார்.

"புதன் இல்லை, வியாழன் இல்லை, வெள்ளி ஒண்ணு, சனியிலேர்ந்து மறுபடி இல்லை. இது என்ன, நடுவுல ஒரு நாள் மட்டும்? கொழாய ஒழுங்கா கழுவுனீங்களா? அழுக்குக் கொழாயில பாத்தா அப்படித்தான் வரும். மூணு நாள் மாத்திரைய அநாவசியமா சேத்துக் குடுத்திருக்கீங்க பாருங்க."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க டாக்டர். கல்யாண அவசரத்துல சரியாக் கழுவாம வுட்டுட்டேன் போல. என் தப்புதாங்க."

நான் பக்கத்தில் இருந்தேன். கவினின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று செல்வி தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவனேனே. எப்டி அழுக்கு வந்துச்சு?" அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"செல்வி, கொழாயில அழுக்கு இல்ல. அந்த வெள்ளிக்கிழமை தெளிவாத்தான் இருந்துச்சு."

"அப்ப நீ தப்பாப் பாத்துட்டியா?"

"இல்ல. சரியாத்தான் பாத்தேன்."

அவள் கைகளை இறக்கினாள். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே. கவினுக்குத் தெளியல. உம் பொண்ணுக்குத் தெளிஞ்சுடுச்சு. எனக்குப் பொறுக்கல."

நான் அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்றிவிடுவாள் என்று பயந்தேன். அவள் அப்படிப்பட்டவள்.

"உள்ள நான் திட்டு வாங்கறப்போ பக்கத்துலதான குந்திகினு இருந்த?" என்றாள். பிறகு, "அந்த முடிச்சு என்னுதுக்கா" என்றாள். பிறகு குரலே எழும்பாமல், "உன் புள்ளைக்கு நல்லாயிடுச்சுன்னு நான் மிட்டாய் குடுத்தேன்" என்றாள்.

தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரே பேருந்துதான். அவள் முன்னால், நான் பின்னால். ஆரணியில் இறங்கித் தேவிகாபுரம் பேருந்தை நோக்கித் திரும்பிப் பார்க்காமல் போனாள். தர்ஷினி மட்டும் திரும்பிக் கவினுக்குக் கையாட்டினாள்.

மறுநாள் மருத்துவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு நாள் மாத்திரையால பெரிய கெடுதல் இல்ல. ஆனா நோட்டுல பொய் இருந்தா எனக்குக் கண்ணு தெரியாதும்மா. அடுத்த தடவ அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இப்போது அவரும் கேட்க வேண்டியதாகிவிட்டது.

என் கணவரிடம் சொன்னபோது தறியை நிறுத்தினார். "ஒத்து வந்த நூல ஒத்து வரலன்னு சொல்லிட்டியா" என்றார். அவ்வளவுதான். பிறகு நெடுநேரம் தறியின் சத்தம் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள் கவினின் குழாய் தெளிந்தது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். நான்கு வாரம் முடியும் அன்று மூன்றாவது தெளிவு. ஊசி வேண்டாம் என்றார்கள். எவ்வளவு பெரிய நாள் அது! வீட்டில் பாயசம் வைத்தேன். ஆனால் குழாயைக் கையில் பிடித்தபடி, இதை முதலில் யாரிடம் சொல்வது என்று தேடினேன். செல்வியிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் கேட்டிருந்தால் அவள் தெருவில் மிட்டாய் போயிருக்கும். தெளிவு வந்தால் சந்தோஷம் தானாக வரும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

ஆறரைக்குப் போன் அதிரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். தர்ஷினி எப்படி இருக்கிறாளோ என்று அந்த நேரத்தில் மனம் தானாகத் தேடும். செவ்வாய்க்கிழமைகளில் அவளைப் பார்க்க முடியவில்லை. நாளை மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று செவிலியர் சொன்னார்.

நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை படம் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. விரல், குழாய், தேதி.

மாடிக்கு ஓடினேன். வெயில் வரும் வரை நின்றேன். படத்தைப் பெரிதாக்கி மூன்று முறை பார்த்தேன். தேதியின் விளிம்பு கொஞ்சமும் கலங்காமல் தெரிந்தது. "தெளிவு" என்று எழுதினேன்.

உடனே கூப்பிட்டாள். "இன்னிக்கி நெஜமாவா?"

"நெஜமா."

"சரி." வைத்துவிட்டாள்.

அடுத்த நாளும் படம் வந்தது. ஏன் திரும்ப அனுப்புகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வர ஒரு வாரம் ஆனது.

"உம்மேல கோவம்தான். அது போவாது" என்றாள். "ஆனா ஒரு தடவ பொய் சொல்லி மாட்டிகினவ இனிமே ரொம்ப ஜாக்கிரதயா பாப்ப இல்ல? ஊர்ல வேற யாரு அப்டிப் பாக்கப் போறாங்க?"

இன்றும் அவள் என்னை விடுவதில்லை. தெளிவு என்று நான் சொன்னால், "வயித்தெரிச்சல் இல்லாம சொல்றியா?" என்று கேட்பாள். மங்கல் என்று சொன்னால், "யாருக்குக் கல்யாணம் இப்போ?" என்பாள். முதலில் அது ஒவ்வொரு முறையும் சுட்டது. இப்போதும் சுடுகிறது. ஆனால் அவள் அதைச் சொல்லாத நாளில் பயமாக இருக்கிறது.

இதை வாசிக்கும் தாய்மார்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். நடைக்கூடத்தில் நன்றாக ஓடியாடும் ஒரு பிள்ளையைப் பார்த்தால் இன்னும் எனக்குள் ஏதோ இறுகும். உங்களுக்கும் இறுகலாம். யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கலாம். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தினமும் காலையில் இன்னொருவர் பிள்ளையின் குழாயை ஒழுங்காகப் பார்ப்பது. கடமையாகத்தான் தொடங்கினேன், தண்டனையாக என்று கூடச் சொல்லலாம். எப்போது என்று தெரியவில்லை, ஒரு காலை கவினின் குழாய் மங்கியிருக்க, தர்ஷினியின் தேதி பளிச்சென்று தெரிந்தது. என் வாய் தானாகச் சிரித்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். எனக்கு எதுவும் நடக்கவில்லை, ஆனால் எனக்கு நல்லது நடந்ததைப் போல இருந்தது. இதைத்தான் செல்வி அன்று மிட்டாய் வாங்கியபோது அனுபவித்திருக்கிறாள். நான் கண் படும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

கல்யாணமான ஐந்தாம் மாதத்தில் தாலி பிரித்துக் கோர்ப்பார்கள். மஞ்சள் கயிற்றை மாற்றி, குண்டும் மணியும் சேர்த்துப் புதுக் கயிற்றில் கோர்த்து மறுபடி கட்டுவார்கள். செல்வியின் தம்பி வீட்டில் அதற்கு நாள் குறித்தார்கள். செல்வி என்னைக் கூப்பிட்டாள். "இந்த தடவ நான்தான் கட்டப் போறேன். வரியா?" என்றாள். வருகிறேன் என்றேன்.

அன்று காலை கவினின் குழாய் பாலாக வெளுத்துவிட்டது.

ஒரு நாள் வெளுத்தால் போதாது, மூன்று நாள் பார்த்துத்தான் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். மருத்துவரும் போனில் அதையே சொன்னார். ஆனாலும் போகலாமா? போனால் நல்ல தாயா? போகாவிட்டால்? சேலையைக் கட்டினேன், அவிழ்க்க நினைத்தேன்.

"போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார் என் கணவர். "அந்தப் பொண்ணு அன்னிக்கிப் போகல. இன்னிக்கி நீயாவது போ."

தேவிகாபுரத்தில் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் செல்வி எதிரே வந்தாள். பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம். எடுத்தவுடன் கேட்டாள்.

"கவினுக்கு இன்னிக்கி எப்டி?"

நல்ல நாளில் எதற்கு என்று மறைத்துவிடலாம் போல இருந்தது. அவளிடம் இனி மறைக்கக் கூடாது.

"மூணு" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அடக் கடவுளே. அப்பறம் எதுக்கு வந்த?"

"நீ முடிச்சு போடறதப் பாக்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் குழாயைப் பார்ப்பதைப் போல, நின்று, பொறுமையாக. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னாடி வந்து நில்லு. பின்னால நின்னா தெரியாது."

முன்னால் நின்றேன். தம்பி மனைவி கிழக்கு நோக்கி மணையில் உட்கார்ந்திருந்தாள். செல்வி அவள் கூந்தலை ஒரு கையால் ஒதுக்கி, மஞ்சள் கயிற்றின் இரு நுனிகளையும் எடுத்தாள். களை எடுத்துக் காய்த்த விரல்கள். ஒரு முடிச்சு. இன்னொன்று. இழுத்துப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அழுதாள். தர்ஷினி மாமாவின் மடியில் ஏறி நின்று கைதட்டினாள். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் என் மனத்தில் கவினின் குழாய் இருந்தது. செல்வியின் முடிச்சும் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

சாப்பிடும்போது, "நல்லா போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன். ஆனா அன்னிக்கிப் போட வேண்டியது இது இல்லக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு அப்பளம் வெச்சிக்கோ" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

கவினுக்கு அந்த முறை நோய் திரும்பியது. மறுபடி முழு மாத்திரை, மறுபடி பூரிக் கன்னம். இருபது நாளில் தெளிந்தது. மீண்டும் வரலாம். தர்ஷினி தெளிவாகவே இருக்கிறாள். இனி வாரம் ஒருமுறை சோதித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் செல்வி தினமும் படம் அனுப்புகிறாள். எதற்கு என்று கேட்டால், "உனக்குத்தான்" என்கிறாள்.

முன்பெல்லாம் என் நாள் கவின் கண்ணைத் திறந்த பிறகுதான் தொடங்கும். அவன் இமை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போது அதற்குக் கொஞ்சம் முன்பே தொடங்குகிறது. போன் அதிர்ந்ததும் எழுந்து உட்கார்கிறேன், படத்தைப் பார்த்ததும் தோள்கள் இறங்குகின்றன. அந்தத் தளர்வு என் பிள்ளையால் வருவதில்லை. என் உடம்பு அதை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை நான் அழிக்கவில்லை. சில நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். அந்தத் தேதி இன்றும் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இன்று காலையும் ஆறரைக்குப் படம் வந்தது. ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். தேதி நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிட்டேன். கவின் இன்னும் எழுந்திருக்கவில்லை.